பெருமையில் நம் பங்கு
(வெள்ளி விழாச் சிறப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓட்டுக் கட்டடத்தின் தாழ்வாரத்தில், ஒரே ஒரு குழல்விளக்கின் கீழ், மாலை வகுப்பாகத் தொடங்கிய நம் கல்விக் கழகத்தின் வரலாற்றை முன்னர்ப் பேசியவர்கள் விரிவாக எடுத்துரைத்தார்கள். அதனையே மீண்டும் கூறி உங்கள் பொறுமையைச் சோதிக்க நாம் விரும்பவில்லை. நமக்கு அளிக்கப்பட்ட தலைப்பு 'தமிழ்நாட்டின் பெருமைகள்' என்பதாகும். விழாக் குழுவினர் இத்தலைப்பைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதனை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் மாணவ மாணவியர்க்கு நம் கழகம் ஒரு பேச்சுப் போட்டி நடத்தியது. 'எங்கள் மாநிலத்தின் பெருமை' என்பது தலைப்பு. பதினால்வர் பேசினர். பெரியகோயில், கல்லணை, திருக்குறள், மல்லிகை, பட்டு, பரதம் என்று மனப்பாடம் செய்ததைத் தடையின்றிச் சொன்னார்கள், கைத்தட்டலும் பெற்றார்கள். பதினைந்தாவதாக அழைக்கப்பட்ட பத்தாம் வகுப்பு மாணவி மேடையேறித் தன் கையிலிருந்த தாளைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "இதிலே எங்கள் தெரு எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை ஐயா. தெரிந்துகொண்டு வந்து பேசுகிறேன்" என்று கூறி இறங்கிவிட்டாள். போட்டி விதிப்படி நடுவர்களாகிய நாம் அவள் பெயருக்கு நேரே மதிப்பெண் இடத்தில் ஒரு கோடு போட்டோம். அந்தக் கோடு நம்மை நெடுநாள் உறுத்தியது. நியாயமாகப் பார்த்தால், அன்று பேசிய பதினைவருள் தலைப்பைப் பற்றி உண்மையாகச் சிந்தித்தவள் அவள் ஒருத்திதான்.

அவளுக்கு விடை சொல்ல முயன்றபோது நம் உறுப்பினர்களுக்குள்ளேயே இரண்டு கருத்துகள் எழுந்தன. "அவையெல்லாம் மற்றவர்கள் பெருமை, நமக்கு அவற்றில் என்ன வேலை?" என்றனர் சிலர். "படிக்கிற பிள்ளை, புத்தகத்தில் உள்ளதைச் சொல்லிப் பரிசு வாங்கிக்கொண்டு போகட்டுமே, ஏன் குழப்புகிறீர்கள்?" என்றனர் வேறு சிலர். முதற்கருத்தை ஏற்றால், நம் முன்னோர் ஈட்டியதை நாமே பிறர்க்கு எழுதிக்கொடுத்ததாக ஆகும். இரண்டாவதை ஏற்றால், அவர்கள் பட்டதை நாமே மறைத்ததாக ஆகும். இரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை. எனவே அந்த மாணவிக்குச் சொல்லவேண்டிய விடையையே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

தம் மண்ணைப் புகழாத மக்கள் எங்கும் இலர். மதுரைக்காரர் மல்லிகையையும், திருநெல்வேலிக்காரர் அல்வாவையும் தாமிரபரணித் தண்ணீரையும், சேலத்தார் மாம்பழத்தையும், காஞ்சிபுரத்தார் பட்டையும் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். பெங்களூருக்கும் மும்பைக்கும் வேலைக்குச் சென்ற நம் பிள்ளைகளும் அங்கே நால்வர் கூடினால் இட்லியில் தொடங்கி ஊர்த் திருவிழாவில்தான் பேச்சை முடிக்கிறார்கள். இதில் தவறொன்றுமில்லை. ஊர்ப் பாசம் சிறிதும் இல்லாதவர் உலகப் பாசம் பேசினால் நமக்கு அவ்வளவாக நம்பிக்கை பிறப்பதில்லை.

ஆனால் ஆம்பூரார் பிரியாணியைச் சொல்லும்போது நமக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. 2022-ஆம் ஆண்டு மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்த மாவட்ட நிருவாகம் ஏற்பாடு செய்தது. மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு அதில் இடமில்லை என்று அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்தது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான மாநில ஆணையமும் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. ஊரின் பெருமைக்கென்று பந்தல் போடும்போது, நம் வீட்டு அடுப்பு மட்டும் பந்தலுக்கு வெளியே நிற்க நேர்கிறது. ஆம்பூரின் தோல் பதனிடும் தொழிலில் நம்மவர் கைகள் எத்தனை என்பதை அவ்வூர் அறியும்!

சிறிய செய்தியிலிருந்து பெரிய செய்திக்கு வருவோம். தமிழ்நாட்டின் பெருமை என்றவுடன் கண்முன் எழுவது தஞ்சைப் பெரியகோயில். முதலாம் இராசராசன் எழுப்பி, 1010-ஆம் ஆண்டில் நிறைவுற்ற கோயில். ஏறத்தாழ 216 அடி உயர விமானம். அருகே மலையில்லாத வயல்நாட்டிற்கு அத்தனை கருங்கல்லும் வெளியிலிருந்து இழுத்து வரப்பட்டது. இழுத்த தோள்கள் எத்தனை ஆயிரமோ! கோயிற் கல்வெட்டுகளில் அரசன் பெயர் உண்டு. அவன் தமக்கை குந்தவை கொடுத்த கொடைகள் உண்டு. பெருந்தச்சன் பெயர் உண்டு. தளிச்சேரிப் பெண்டுகள் ஏறத்தாழ நானூற்றுவர் பெயரும் வீட்டு எண்ணும்கூட உண்டு. பெயர் சொல்லிப் போற்றப்பட்ட அவ்வரிசையில் கல் சுமந்தோர் இல்லை.

எனினும் நாம் அக்கல்வெட்டுகளில் இல்லாமற்போகவில்லை. கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் நிலக்கணக்கைப் பாருங்கள். வரி நீக்கப்பட்ட இடங்களாக ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு என்று வரிசையாக எழுதிவரும்போது 'பறைச்சேரி' என்றும், சில ஊர்களில் 'தீண்டாச்சேரி' என்றும் வெட்டியிருக்கிறார்கள். அந்த மாணவி கேட்ட தெரு அங்கே இருக்கிறது! ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம்மைப் புறத்தே வைத்ததற்கு அக்கல்லே சான்று. நாம் நேற்று வந்து குடியேறியவர்கள் அல்லர் என்பதற்கும் அதே கல்லே சான்று. பெரியகோயிலைக் காணச் செல்லும் நம் பிள்ளைகள் விமானத்தை அண்ணாந்து பார்க்கட்டும்; பார்த்துவிட்டுக் கண்ணைச் சற்றுத் தாழ்த்தி அந்த எழுத்துகளையும் தேடட்டும்.

கோயில்களுள் கால்வைக்க நாம் எத்தனை காலம் காத்திருந்தோம் என்பதும் இளைஞர்கள் அறியவேண்டியது. 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் அ. வைத்தியநாதய்யர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றவர்களுள் மேலூர் வட்டம் தும்பைப்பட்டியைச் சேர்ந்த பி. கக்கனும் ஒருவர். பின்னாளில் அவரே இம்மாநிலத்தின் பொதுப்பணித்துறை அமைச்சராகவும் உள்துறை அமைச்சராகவும் விளங்கினார். பதவி போன பின்னர் மதுரை அரசு மருத்துவமனையின் பொதுப்பிரிவில் படுத்திருந்தார். அரசியலில் எளிமைக்குச் சான்று தேடுவோர் எவரும் அவர் பெயரைச் சொல்லாமல் இருப்பதில்லை. கோயில் நுழைவு உரிமைச் சட்டம் 1947-இல் மாநிலம் முழுமைக்கும் வந்தது. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அரசு நியமித்த அர்ச்சகர்களுள் ஆதிதிராவிட இளைஞரும் இருந்தனர். சட்டம் வந்த பின்னும் வாயிற்படியில் நிறுத்தப்படும் ஊர்கள் உண்டு என்பதை உங்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. உங்களுள் சிலர் அத்தகைய ஊர்களிலிருந்தே வந்திருக்கிறீர்கள்.

அடுத்துக் காவிரி. தஞ்சையைத் தமிழகத்தின் நெற்களஞ்சியம் என்று சொல்லாத பாடநூல் இல்லை. கரிகாலன் கட்டிய கல்லணை என்பார்கள். 1934-இல் நிறைவுற்ற மேட்டூர் அணை என்பார்கள். ஜூன் 12-ஆம் நாள் அணை திறந்தால் குறுவை, அடுத்துச் சம்பா, தாளடி என்பார்கள். அனைத்தும் மெய். ஆனால் திறந்த தண்ணீர் தானாக நெல்லாவதில்லை. ஏரியின் மதகைத் திறந்து, வயல்தோறும் பங்கிட்டு, இரவில் கரை காத்து நின்றவர்கள் யாவர்? நீர்க்கட்டி என்றும் மடைக்குடும்பன் என்றும் வட்டாரத்திற்கு ஒரு பெயர் பெற்று அவ்வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர்களுள் பெரும்பாலோர் நம் போன்ற ஒடுக்கப்பட்ட குடியினரே. எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் என்பதை ஏட்டில் எழுதாமல் நெஞ்சில் வைத்திருந்தார்கள். இன்றைய பொறியியற் கல்லூரியில் அதற்கு ஒரு பட்டம் தருவார்கள். அன்று அவர்களுக்குக் கிடைத்தது களத்தில் சில மரக்கால் நெல். நாற்று பறித்துக் கட்டியதும், நட்டதும், அறுத்ததும், களத்தில் அடித்துத் தூற்றியதும் பண்ணையாட்கள். நேரந்தவறி வந்தால் சவுக்கடியும் சாணிப்பாலும் கிடைத்தன.

அந்த நெற்களஞ்சியத்தின் நடுவில்தான் வெண்மணி இருக்கிறது. கூலியாகச் சிறிது நெல் கூட்டிக் கேட்டதும், செங்கொடிச் சங்கத்தை விட்டு விலக மறுத்ததும் அம்மக்கள் செய்த குற்றம். 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, உயிருக்கு அஞ்சி ஒரு குடிசைக்குள் புகுந்தவர்களை வெளியே விடாமல் தீயிட்டார்கள். மாண்டவர் 44 பேர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியோரும். நில உடைமையாளர்களைக் கீழ்நீதிமன்றம் தண்டித்தது. மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் விடுவித்தது. 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. சட்டப் புத்தகத்தில் அது ஓர் எண். நமக்கு அது 44 உயிர். சோற்றைப் பெருமையாகப் பேசும் நாட்டில் நெல்லுக்காக எரிக்கப்பட்டவர்களைப் பேசாமல் விடுவது எவ்வாறு? நாம் தஞ்சை நெல்லைப் புகழ்வோம். புகழும்போது இதனையும் சேர்த்தே சொல்வோம்.

அதே மண்ணில் வேறொன்றும் நிகழ்ந்தது. நிலமற்ற ஏழைக் குடும்பம் ஒன்றில், நம்மவராகவே பிறந்த கிருஷ்ணம்மாள், வெண்மணிச் செய்தி கேட்டுத் தம் கணவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனோடு கீழத் தஞ்சைக்குச் சென்றார். 1981-இல் உழுபவரின் நில உரிமைக்காக 'லாப்டி' என்னும் இயக்கத்தை இருவரும் தொடங்கினர். உடைமையாளர்களிடம் பேசி, வங்கிக் கடன் பெற்று, ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தை நிலமற்ற குடும்பங்களுக்குப் பெண்களின் பெயரில் பதிவுசெய்து கொடுத்தனர். 2020-இல் அவருக்குப் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. போட்டியில் பேசிய பதினால்வருள் ஒருவரும் கல்லணையை விடவில்லை. ஒருவரும் கிருஷ்ணம்மாளைச் சொல்லவில்லை. குற்றம் பிள்ளைகளுடையது அன்று. சொல்லிக்கொடுக்காதவர்கள் நாம்.

மக்களாட்சிக்கு வழிகாட்டிய நாடு நம் நாடு என்று உத்தரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டை எடுத்துக்காட்டுவார்கள். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்தில், ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த செய்தி மெய்யாகவே வியத்தற்குரியது. கணக்குக் காட்டாதவர் மீண்டும் வரலாகாது என்னும் விதியை இன்றைய கூட்டுறவுச் சங்கங்கள் சிலவற்றின் சுவரில் எழுதிவைக்கலாம்! ஆனால் வேட்பாளருக்குச் சொந்த நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். அது பிராமண ஊர்ச் சபை. நம் பெயர் எழுதிய ஓலை அக்குடத்தில் விழுந்ததே இல்லை.

நம் பெயர் ஓலையில் ஏறியது அரசியலமைப்புச் சட்டத்தால். ஊராட்சித் தலைவர் பதவிகளில் இட ஒதுக்கீடு வந்த பின்னர் 1996-இல் நடந்த தேர்தலில் மேலவளவு ஊராட்சிக்குத் தலைவரானவர் முருகேசன். 1997-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள், பேருந்தில் ஊர் திரும்புகையில், உடன் வந்த சிலரோடு அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் தாழ்த்தப்பட்டோர் தலைவராவதைப் பொறாமல் பத்தாண்டுக்காலம் தேர்தலே நடவாதபடி தடுத்தார்கள். 2006 அக்டோபரில்தான் அங்கே தலைவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். குடவோலை முறைக்கு உண்மையான வாரிசு யார் என்று கேட்டால், உயிரைப் பணயம் வைத்து வேட்புமனு கொடுத்த இவர்களையே நாம் காட்டுவோம்.

பேருந்து என்றதும் இன்னொரு பெருமை நினைவுக்கு வருகிறது. சிற்றூருக்கெல்லாம் பேருந்து ஓடும் மாநிலம் இது. 2021 முதல் நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்கிறார்கள். நம் தாய்மார்களுக்கு அதன் அருமை தெரியும். இப்பேருந்துக் கழகங்களுக்கு ஒரு காலத்தில் தலைவர்களின் பெயர்கள் இருந்தன. 1997-இல், கட்டபொம்மன் படையில் நின்று உயிர்நீத்த வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை ஒரு கழகத்திற்குச் சூட்டியபோது, அப்பெயர் தாங்கிய வண்டியில் ஏறமாட்டோம் என்று தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. முடிவில் எல்லாப் பெயர்களையும் நீக்கிவிட்டார்கள். சாலையின் கதையும் அதுவே. பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் சந்தையிலும் நமக்கு உரிமை உண்டென்று சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொணர்ந்து நிறைவேற்றியது 1924-இல். நூறாண்டே ஆகிறது.

இவ்வாறு கூறிக்கொண்டே போனால், பெருமை ஒவ்வொன்றுக்கும் பின்னால் நமக்கு ஒரு குறை மட்டுமே உண்டு என்று இளைஞர்கள் எண்ணிவிடக்கூடும். அவ்வாறு எண்ணுதல் பிழை. நாம் சுமந்தவர்கள் மட்டுமல்லர், ஆக்கியவர்களும் ஆவோம்.

திருக்குறளை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழன் எந்நாட்டில் இருந்தாலும் முதலில் சொல்லும் பெருமை அது. அந்நூல் முதன்முதலாக அச்சேறியது 1812-ஆம் ஆண்டில். அதுவரை ஓலையில் இருந்தது. அயோத்திதாசப் பண்டிதர் தம் இதழில் ஒரு செய்தி எழுதியிருக்கிறார். ஆரிங்டன் என்னும் வெள்ளைக்காரத் துரையிடம் பட்லராகப் பணிபுரிந்த தம் பாட்டனார் கந்தப்பன், தம் வீட்டில் இருந்த குறள் ஓலைச்சுவடியை அத்துரையிடம் கொடுக்க, அவர்வழி அது எல்லிஸ் துரையின் கைக்குச் சென்று அச்சேறியது என்பது அவர் கூற்று. எல்லிஸ் குறளில் எத்துணை ஈடுபாடு கொண்டவர் என்பதற்குச் சென்னையில் அவர் வெட்டுவித்த கிணற்றின் கல்வெட்டே சான்று கூறும். ஒரு சமையற்கட்டின் ஓரத்தில், நம் முன்னோர் ஒருவர் வீட்டில், குறள் இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். நமக்குக் கல்வி இன்னொருவர் போட்ட பிச்சை என்று சொல்வார் முன் இந்த ஒரு செய்தியைச் சொன்னால் போதும்.

அப்பாட்டனின் பேரர் சும்மா இருந்தாரா? சித்த மருத்துவராக வாழ்ந்த பண்டிதர் 1907-இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கி, 1914-இல் மறையும் வரை நடத்தினார். அவருக்கும் முன்னர், 1893-இலேயே இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்று தம் இதழுக்குத் துணிந்து பெயரிட்டார். இழிவென்று பிறர் எறிந்த சொல்லைத் தலைப்பில் அச்சிட்ட அந்நெஞ்சுரத்தை நாம் வியக்கிறோம். நீண்டகாலம் இவர்களை ஏடுகள் மறந்திருந்தன. இன்று தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்குப் பண்டிதர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. 2023 டிசம்பரில் கிண்டியில் மணிமண்டபமும் திறக்கப்பட்டது. சென்னைக்குச் சுற்றுலா செல்லும் மாணவர்கள் கடற்கரையையும் உயிரியல் பூங்காவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் அங்கும் ஒருமுறை சென்று வரவேண்டும் என்பது நம் வேண்டுகோள்.

இனிச் சிதம்பரம். இதனைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதிக்க வேண்டும். ஏனெனில் இது கல்விக் கழகத்தின் விழா.

தில்லைக் கூத்தனின் திருவுருவம் உலகெங்கும் தமிழகத்தின் அடையாளமாய் விளங்குகிறது. அத்தில்லையோடு நம் குடியில் பிறந்த நந்தனாரின் பெயரும் பிணைந்திருக்கிறது. சேக்கிழார் நந்தனாரின் தொண்டைக் கூறும்போது, கோயில்களின் முரசங்களுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் அவர் கொடுத்து வந்தார் என்கிறார். அவர் கொடுத்த தோலின் ஓசை கருவறை வரை சென்றது. அவர் வெளியே நின்றார். உள்ளே செல்லத் தீயில் மூழ்க நேர்ந்தது. சங்கப் பாடல்களில் பாணன், பறையன், துடியன், கடம்பன் என்னும் நான்கு குடிகளையே குடிகளாகச் சிறப்பித்த மாங்குடி கிழார் அக்காலத்தில் உயிரோடு இருந்திருந்தால் என்ன பாடியிருப்பாரோ! மார்கழி இசைவிழாவைப் பெருமையாகக் கூறும் இந்நாட்டில், அலங்காநல்லூரைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது நமக்கு நெடுங்காலக் கடனில் ஒரு தவணை வந்ததுபோல் இருந்தது.

சிதம்பரத்திற்குத் திரும்புவோம். ஆரணிக்கு அருகில் மேல்புதுப்பாக்கத்தில் 1890-இல் பிறந்த முனுசாமி என்னும் நம் குலத்துச் சிறுவர் துறவு பூண்டு, சகஜானந்தர் என்னும் பெயரோடு சிதம்பரம் வந்து சேர்ந்தார். நந்தன் தீக்குளித்ததாகச் சொல்லப்படும் ஊரில், நந்தனுக்கு மடம் கட்டிப் பூசை செய்வதோடு அவர் அமைந்திருந்தால், இன்று நாம் அவரைப் பத்தோடு பதினொன்றாக எண்ணியிருப்போம். அவர் 1916-இல் நந்தனார் பெயரில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அதே ஊரில் தோன்றியது 1929-இல். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பே சேரிப் பிள்ளைகளுக்கென்று எழுந்துவிட்டது இப்பள்ளி. பலரிடம் சென்று பொருள் திரட்டினார். பிள்ளைகளுக்குத் தங்க இடமும் உணவும் தந்தார். பெண்பிள்ளைகளையும் படிக்க வைத்தார். சட்டமன்றத்தில் நெடுங்காலம் உறுப்பினராக இருந்து நிலத்துக்கும் கல்விக்கும் வாதாடினார். 1959-இல் மறைந்தார். அவர் நட்ட பள்ளி இன்றும் அரசுப் பள்ளியாக நந்தனார் பெயரிலேயே நடைபெறுகிறது.

சிதம்பரத்திற்கு வரும் பல்லாயிரவர் நான்கு கோபுரங்களையும் பார்த்துச் செல்கிறார்கள். நாமும் பார்ப்போம். அவ்வூரில் நமக்கு ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. அதற்குக் கலசம் இல்லை, மணி மட்டும் உண்டு. காலையில் அம்மணி அடித்தால் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள்.

கல்வியில் முன்னணி மாநிலம் என்பதும் நாம் கேட்டுப் பழகிய பெருமையே. 2021-22-ஆம் ஆண்டுக் கணக்கின்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாடு முழுமைக்கும் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 47. பெருமைப்பட வேண்டியதே. இதற்கு அடிக்கல் பலர் இட்டனர். 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுத்தது, 1956-இல் காமராசர் அதனை மாநிலம் எங்கும் கொண்டு சென்றார், 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார், 2022 செப்டம்பரில் காலை உணவும் வந்தது. நம்முள் மூத்தோர் பலர் பள்ளிக்குச் சென்றது பாடத்துக்காகவா, சோற்றுக்காகவா என்று எவரேனும் கேட்டால், உண்மையைச் சொல்ல நாண வேண்டியதில்லை. சோற்றுக்காகச் சென்றோம், சென்ற இடத்தில் எழுத்தும் கிடைத்தது. ஆயினும் 2018-இல் திருப்பூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், சத்துணவு சமைக்க வந்த அம்மையார் நம் இனத்தவர் என்பதற்காக அவர் சமைக்கலாகாது என்று பெற்றோர் சிலர் தடுத்தார்கள். அதிகாரிகள் முதலில் அவரையே மாற்றினார்கள். போராட்டம் எழுந்த பின்னரே அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. ஒரே அடுப்பு, ஒரே அரிசி. கை மட்டும் வேறாம்! 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் மாநில எழுத்தறிவு 80.1 விழுக்காடு, நம் மக்களின் எழுத்தறிவு 73.3. ஏழு விழுக்காடு சிறிய எண்ணாகத் தோன்றலாம். நம் மாலை வகுப்புகள் இருபத்தைந்து ஆண்டுகளாகத் தொடர்வது அந்த ஏழுக்காகத்தான்.

நேரம் கடந்துவிட்டதாகத் தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். ஒன்றே ஒன்று கூறி அமைகிறோம்.

போட்டியில் பேசாமல் இறங்கிய அந்த மாணவி, சொன்ன சொல் தவறவில்லை. இரண்டு மாதங்களுக்கு முன் நம் அலுவலகத்திற்கு வந்தாள். தன் ஆயாவிடம் ஒவ்வோர் இரவும் கேட்டுக் கேட்டு எழுதிய தாள்களைக் கொண்டுவந்தாள். ஊர்ப் பெரிய ஏரியைப் பஞ்ச காலத்தில் தூர் வாரியபோது மண் சுமந்தவர்கள் யாவர், கூலி என்ன கொடுத்தார்கள், கடைமதகை மூன்று தலைமுறையாகக் காத்த குடும்பம் எது, அக்குடும்பத்தின் கடைசிக் கிழவர் வெள்ளத்தின்போது கரையில் படுத்து உடைப்பை அடைத்தது எப்படி, பிறகு அதே ஏரியில் நம் தெருவுக்கு மீன் குத்தகை மறுக்கப்பட்டது ஏன் என்றெல்லாம் எழுதியிருந்தாள். படித்தபோது நமக்குத் தெரிந்தது, அந்த ஏரியைப் பார்த்துக்கொண்டே நாற்பது ஆண்டுகள் கடந்துபோன நாம் அதனைப் பற்றி ஒன்றும் அறிந்திருக்கவில்லை என்பது. மதிப்பெண் தாளில் போட்ட கோட்டை அடித்துவிட்டு, இவ்வாண்டு முதற்பரிசை அவளுக்கே வழங்கச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. விதிமுறை மீறல்தான், ஒருவரும் எதிர்க்கவில்லை.

அவள் எழுதியதைப் படியெடுப்பதற்காக நம் நூலகத்தில் நீளமான கணக்குப் பேரேடு ஒன்றை வாங்கி வைத்திருக்கிறோம். முகப்பில் ஊர்ப் பெயர், தெருப் பெயர், சொன்னவர் பெயர், வயது, எழுதியவர் பெயர் என்று கட்டம் போட்டிருக்கிறோம். உங்கள் ஊரில் கோயில் மதிலுக்குக் கல் சுமந்தவர், வாய்க்கால் வெட்டியவர், தண்டவாளம் போட்டவர், தேயிலைத் தோட்டத்திற்குப் போய்த் திரும்பியவர், முதன்முதலில் பள்ளிக்கூடத்தின் உள்ளே உட்கார்ந்து படித்தவர் எவரேனும் இருந்தால், அவர்கள் இருக்கும்போதே சென்று கேட்டு எழுதுங்கள். எண்பதைக் கடந்தவர்களிடம் முதலில் செல்லுங்கள். அவர்கள் சொல்வதில் கசப்பு இருந்தால் அதனையும் விடாமல் எழுதுங்கள். பெருமை இருந்தால் கூச்சப்படாமல் எழுதுங்கள்.

பேரேட்டில் இதுவரை முதல் ஆறு பக்கங்கள் நிரம்பியுள்ளன. பேனாவை நூலால் கட்டி அருகிலேயே தொங்கவிட்டிருக்கிறோம். விழா உணவு முடிந்த பின்னர், நூலகம் மாலை ஏழு மணி வரை திறந்திருக்கும்.